புதையல் வேட்டைக்குத் தபால் ஒத்துவருமா?

நகரத்துக்குள் குடும்பமாகப் புதையல் வேட்டை ஆட வேண்டுமென்றால் முதலில் ஒரு கரு வேண்டும். கோயில் என்று எடுத்தால் பிள்ளைகளை ஓட விட முடியாது. சினிமா என்று எடுத்தால் பழைய கொட்டகைகள் பலவும் அடுக்குமாடிகளாகவும் கல்யாண மண்டபங்களாகவும் ஆகிவிட்டன. சாப்பாடு என்றால் இரண்டாவது கடையிலேயே வேட்டை முடிந்துவிடும். அதற்கு மேல் எழுந்து நடக்க யாருக்கும் மனசு வராது. அண்மையில் உறவுக் குடும்பம் ஒன்று தபாலைக் கருவாக வைத்து, சென்னை ஜார்ஜ் டவுனில் தொடங்கி அண்ணா சாலைவரை ஒரு வேட்டையை அமைத்தது. தாத்தா பாட்டி முதல் மூன்றாம் வகுப்புப் பெண்வரை இரண்டு அணிகள். கையில் குறிப்புத் தாள், முடிவில் பரிசு. நான் ஆடவில்லை, கூடவே நடந்து வேடிக்கை பார்த்தேன். அந்த ஒரு காலையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. கரு சரியானதா, அதை ஆடிய விதம் சரியானதா என்று இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த இடத்துக்குப் போனால்தான் விடை கிடைக்க வேண்டும்; சோபாவில் சாய்ந்தபடி கைபேசியில் தேடிச் சொல்லிவிடக் கூடியதெல்லாம் வேட்டையில் சேர்த்தியில்லை. குடும்ப வேட்டை என்று பெயர் வைத்தால் பாட்டிக்கும் அதில் வேலை இருக்க வேண்டும், பாட்டி தண்ணீர் பாட்டில் சுமக்க வந்தவர் அல்ல. எல்லாவற்றையும்விட, எடுத்துக்கொண்ட கருவின் குணம் ஆட்டத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும். தாளின் ஓரத்தில் தபால்தலைப் படம் அச்சடித்துவிட்டால் அது தபால் வேட்டை ஆகிவிடாது.

முதல் அளவுகோலில் தொடக்கமே சறுக்கல். ராஜாஜி சாலையில் பொது அஞ்சலகத்தின் எதிரே நிற்கிறோம். ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1884இல் திறக்கப்பட்ட செங்கல் கட்டடம். குறிப்புத் தாளின் முதல் கேள்வி: இந்தியாவில் அஞ்சல் அட்டை எந்த ஆண்டு அறிமுகமானது? ஒரு பையன் கைபேசியைத் தட்டி 1879 என்றான். சரியான விடைதான். ஆனால் தலை நிமிரவேயில்லை. இரண்டு கோபுரங்கள் தலைக்கு மேலே நிற்கின்றன, அவன் பார்த்தது உள்ளங்கையை. இந்தக் கேள்விக்குப் பாரிமுனைவரை எதற்கு வர வேண்டும்?

இத்தனைக்கும் அதே கட்டடத்தில் அருமையான புதிர் ஒன்று கண்ணெதிரே இருக்கிறது. அந்தக் கோபுரங்களின் உச்சியில் ஒருகாலத்தில் கேரள பாணிக் கூரைகள் இருந்தன; பிற்காலத்தில் அகற்றிவிட்டார்கள். பழைய புகைப்படத்தின் நகலைக் கையில் கொடுத்து, எது குறைகிறது என்று கேட்டிருந்தால் போதும். அண்ணாந்து பார்த்தே ஆக வேண்டும், கைபேசி உதவாது, எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தையும் கண்டுபிடித்துவிடும். சென்னைத் தபாலின் தொடக்கம் 1786இல், கோட்டைக்குள். அங்கிருந்தே ஆரம்பிக்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னாராம். இன்றைய கோட்டை தலைமைச் செயலகம். குழந்தைகளை வரிசையில் நிறுத்திப் பையைச் சோதித்து உள்ளே அழைத்துப்போவதற்குள் வெயில் ஏறிவிடும். கோட்டையை விட்டது நல்ல முடிவு.

அடுத்த நிறுத்தம் ராமானுஜன். இதைத் தேர்ந்தவருக்கு ஒரு சபாஷ். 1912 மார்ச்சில் துறைமுகப் பொறுப்புக் கழக அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார் ராமானுஜன். 1913 ஜனவரி 16 தேதியிட்டு கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம், கணித வரலாற்றில் அதிகம் பேசப்பட்ட கடிதங்களில் ஒன்று. அதற்கு முன் பேக்கர், ஹாப்சன் என்ற இரு அறிஞர்களுக்கு எழுதிப் பயனில்லாமல் போயிருந்தது. துறைமுக அலுவலகமும் பொது அஞ்சலகமும் ஒரே சாலையில். வேட்டை அமைப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

அங்கேதான் ஆசை மோசம் செய்தது. “ராமானுஜன் தன் கடிதத்தைப் போட்ட தபால் நிலையம் எது?” என்று தாளில் கேட்டிருந்தார்கள், விடை பொது அஞ்சலகமாம். அந்தக் கடிதம் இந்தக் கட்டடத்தில்தான் போடப்பட்டது என்பதற்கு நான் எங்கும் ஆதாரம் பார்த்ததில்லை. பக்கத்தில் இருந்தது என்பதால் இங்குதான் போட்டிருப்பார் என்பது ஊகம். குழந்தையிடம் ஊகத்தை ஊகமாகவே கொடுக்கலாம். துறைமுக அலுவலகத்திலிருந்து ஒரு கடிதத்தை 1913இல் இங்கிலாந்துக்கு அனுப்ப வேண்டுமென்றால் நீ எந்தப் பக்கம் நடந்திருப்பாய், வரைபடத்தில் காட்டு என்று கேட்கலாம். 1962இல் வந்த 15 நயா பைசா ராமானுஜன் தபால்தலையைக் கையில் கொடுத்து, இவர் சம்பளம் வாங்கிய அலுவலகத்தைக் கண்டுபிடி என்றும் கேட்கலாம். பொய்யில்லாமலே சுவாரசியம் இருக்கிறது. விளையாட்டுத்தானே என்று வரலாற்றை வளைப்பது எனக்கு உடன்பாடில்லை, பிள்ளைகள் அதைத்தான் பத்திரமாக நினைவில் வைத்திருப்பார்கள்.

வேட்டை நிஜமாகவே உயிர்பெற்றது தம்புச் செட்டித் தெருப் பக்கம், ஒரு முகவரியில். தாளில் வெறும் எண்ணும் தெருப் பெயரும். அணி அந்த எண்ணைத் தேடிப் போய் நிற்கிறது, பூட்டிய ஷட்டர். குறிப்பு சொன்ன பித்தளைப் பலகையைக் காணோம். சிறியவர்கள் முழிக்க, பாட்டிதான் கேட்டார்: “ஏம்ப்பா, இது புது நம்பரா பழைய நம்பரா?” சென்னைக்காரர்களுக்குப் புரியும். இந்த ஊரில் கதவுக்குக் கதவு இரண்டு எண்கள்; புதிய எண், பழைய எண் என்று சாய்கோடு போட்டு இரண்டையும் எழுதுவோம். தபால்காரர் தினமும் தீர்க்கிற புதிர் இது. குடும்பம் இரண்டாகப் பிரிந்தது, தெருவின் அந்த முனைக்கு ஒரு கூட்டம், இந்த முனைக்கு ஒரு கூட்டம். எதிர்க் கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். பலகை கிடைத்தபோது எழுந்த கூச்சல், அன்று பரிசு கிடைத்தபோதுகூட எழவில்லை.

ஏன் இது வேலைசெய்தது? ஆட்டக்காரர்களைத் தபால்காரரின் இடத்தில் நிறுத்தியது, அவ்வளவுதான். தபாலைப் பற்றிய தகவலைக் கேட்கவில்லை. தபாலின் வேலையைச் செய்யச் சொன்னது. தபால் என்ற கருவின் பலம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒரு மனிதரை ஒரு துண்டுக் காகிதத்தில் உள்ள நாலு வரியை வைத்துத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் தபால் துறையின் தொழில். கோயில் வேட்டைக்கும் சினிமா வேட்டைக்கும் புதிரை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்ட வேண்டும். தபாலில் அது உள்ளேயே இருக்கிறது.

இதை உணராமல் பின்கோடை வீணடித்துவிட்டார்கள் என்பது என் பெரிய குறை. கேள்வி: பின்கோடு எந்த நாளில் நடைமுறைக்கு வந்தது? 1972 ஆகஸ்ட் 15. அதை வடிவமைத்த ஸ்ரீராம் பிகாஜி வேலண்கர் சமஸ்கிருதக் கவிஞரும்கூட என்று அடியில் ஒரு குறிப்பு வேறு. நல்ல தகவல்தான், ஆனால் தெருவில் அதற்கு என்ன வேலை? பின்கோடு என்பது சாவி. முதல் எண் மண்டலம், அடுத்தது துணை மண்டலம், மூன்றாவது பிரிக்கும் மாவட்டம், கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அலுவலகம். ஒரு கட்டு உறைகளைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லியிருக்க வேண்டும். புதுச்சேரி 605001, காரைக்கால் 609602, மாஹே 673310, யானம் 533464. நான்கும் ஒரே ஒன்றியப் பிரதேசம். ஆனால் மாஹே கேரளக் கட்டுக்குப் போகும், யானம் ஆந்திரக் கட்டுக்குப் போகும். நாலும் ஒரே அரசாங்கம் என்றால் ஏன் நாலு பக்கம் பறக்கின்றன என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், அரசியல் எல்லை வேறு ரயிலும் சாலையும் போகும் வழி வேறு என்று அப்பா விளக்க வேண்டியிருக்கும். அப்பாவுக்கும் ஒரு வேலை.

சென்னைக்குள்ளேயே இன்னும் வேடிக்கை. 600001 பொது அஞ்சலகம், 600002 அண்ணா சாலை, 600004 மயிலாப்பூர். தெருவில் வீட்டு எண் போவதுபோல் வரிசையாகப் போகும் என்று நினைத்தால் ஏமாந்தோம். தியாகராய நகர் 600017. ரயில் தண்டவாளத்தைத் தாண்டி மேற்கு மாம்பலத்தில் கால் வைத்தால் 600033. நடுவில் உள்ள எண்களெல்லாம் எங்கே போயின என்று நகர வரைபடத்தில் தேட விட்டால் அரைமணி நேரம் சத்தமே இருக்காது.

பாட்டிகளுக்கான வேலையைப் பற்றிச் சொன்னேன். தமிழ்நாட்டுத் தபாலுக்கு என்று ஒரு தனி மொழி உண்டு, அதை இந்த வேட்டை தொடவேயில்லை. நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய உறை என்றால் கல்யாணம். கறுப்பு ஓரம் போட்ட அட்டை என்றால் சாவுச் செய்தி; படித்ததும் கிழித்துப் போடுவார்கள், வீட்டுக்குள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வாழ்த்துத் தந்திக்கு வாக்கியத்தை எழுத வேண்டியதில்லை, பட்டியலில் உள்ள எண்ணைச் சொன்னால் போதும். போய்ச் சேரும்போது முழு வாழ்த்தாக விரியும். 2013 ஜூலையில் தந்தி நின்றபோது அந்த எண்களும் போயின. இந்த மூன்றையும் திறக்காத உறைகளாக மேசையில் பரப்பி, உள்ளே என்ன என்று கேட்டால் பத்து வயதுக்காரன் தோற்பான், பாட்டி ஜெயிப்பார். ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடைகளும் அழைப்பிதழ்க் கடைகளும் இருக்கின்றன, உறை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். பாதையும் அந்தப் பக்கமாகத்தான் போனது. யாரும் நிற்கவில்லை.

நிற்காததற்குக் காரணம் கடிகாரம். எனக்கு இந்த வேட்டையின்மீதுள்ள பெரிய வழக்கு இதுதான். முதலில் முடிக்கிற அணிக்குப் பரிசு என்று விதி. ஒரு தெருமுனையில் சிவப்புப் பெட்டியின் முன்னால் தபால் ஊழியர் ஒருவர் வந்து நின்றார். சாவிக் கொத்தை எடுத்தார், பூட்டைத் திறந்தார், உள்ளே ஒட்டியிருந்த பார்கோடைக் கைபேசியில் படித்துக்கொண்டார், விழுந்திருந்ததைப் பைக்குள் அள்ளினார். சில நீள உறைகள், ஒரு கல்யாணப் பத்திரிகைக் கட்டு, இரண்டு அஞ்சல் அட்டைகள். மூன்றாம் வகுப்புப் பெண் அந்தத் திறந்த பெட்டிக்குள் தலையை விடாத குறையாக எட்டிப் பார்த்தாள். “இதெல்லாம் எங்க போகும்?” என்று கேட்டாள். ஊழியர் பதில் சொல்ல வாயெடுத்தார். “வாடி, அவங்க முன்னாடி போயிட்டாங்க” என்று சித்தி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று தபாலைப் பற்றி எழுந்த ஒரே அசலான கேள்வி அது. விதியே அதைக் கொன்றது.

புதையல் வேட்டை வேகத்துக்குப் பரிசு தருகிறது. தபாலின் குணம் காத்திருப்பது. இந்த முரண்பாட்டைத் தீர்க்காமல் இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும்; தின்பது எப்போதும் வேகம்தான். தீர்க்க முடியாத முரண்பாடு அல்ல என்பதற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர் சதுப்புவெளி சாட்சி. 1854இல் ஜேம்ஸ் பெராட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் குளத்தருகே, நடந்து வருபவர்கள் தங்கள் பெயரட்டையைப் போட்டுவிட்டுப் போக ஒரு பாத்திரத்தை வைத்தார். பிற்பாடு வந்தவர்கள் தங்களுக்கே முகவரியிட்ட அஞ்சல் அட்டையை அதில் விட்டுப் போனார்கள். அடுத்து வருபவர் அதை எடுத்துத் தபாலில் சேர்க்க வேண்டும். ரப்பர் முத்திரையைத் தேடி அலையும் லெட்டர்பாக்ஸிங் விளையாட்டு அதிலிருந்து வளர்ந்தது. ஜி.பி.எஸ். வைத்துத் தேடும் ஜியோகேச்சிங் 2000இல்தான் பிறந்தது. முன்னோடி தபால் வேட்டைதான், அதில் அவசரம் இல்லை. யாரோ முன்பின் தெரியாதவர் வருவார், அட்டையைச் சேர்ப்பார் என்ற நம்பிக்கையில் ஓடிய ஆட்டம்.

லண்டனைக் காட்டி, அங்கேபோல இங்கே முடியாது என்பவர்களும் உண்டு. பாதி உண்மை. அங்கே பெரும்பாலான தெருப் பெட்டிகளில் அவை வைக்கப்பட்ட காலத்து அரசரின் முத்திரையெழுத்து இருக்கும். 1936இல் ஓராண்டுகூட முழுதாக அரியணையில் இல்லாத எட்டாம் எட்வர்டின் எழுத்துள்ள பெட்டி கிடைத்துவிட்டால் பெரிய வேட்டைதான். நம் தெருப் பெட்டிகளில் அப்படிக் காலம் சொல்லும் அடையாளம் பெரும்பாலும் கிடையாது. ஆனால் தபால் எடுக்கும் நேரம் எழுதிய தகடு உண்டு. 1990களில் வந்த நிறப் பெட்டிகளை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் வீட்டில் இருக்கிறார்கள்: உள்ளூருக்குப் பச்சை, பெருநகரங்களுக்கு நீலம், மாநிலத் தலைநகரங்களுக்கு மஞ்சள். அதையும் பாட்டி கணக்கில் சேர்க்கலாம்.

நகரம் ஒத்துழைக்குமா என்பது தனி விஷயம். பாரிமுனையில் நடைபாதை என்பது பெயரளவுக்கு; கைவண்டிக்கும் பைக்குக்கும் நடுவே புகுந்துதான் போக வேண்டும். வார நாளில் குழந்தைகளோடு நினைத்துப் பார்க்கவே கூடாது. ஞாயிறு என்றால் தெரு காலி, ஆனால் கடையும் கவுன்ட்டரும் பெரும்பாலும் மூடியிருக்கும். தபால் இல்லாத தபால் வேட்டையாகிவிடும். சனிக்கிழமை காலை ஒன்றுதான் சரிப்படும், ஜனவரி, பிப்ரவரியாக இருந்தால் உத்தமம். உயர் நீதிமன்றம் நிலையத்தில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கியது புத்திசாலித்தனம், இரண்டு பாட்டிகளுக்கும் அங்கேதான் உட்கார இடம் கிடைத்தது. கவுன்ட்டரில் இருப்பவரிடம் குழந்தையை அனுப்பிப் பொது அறிவுக் கேள்வி கேட்க வைத்தது மட்டும் அநியாயம். பின்னால் பணம் கட்டுவதற்கு ஒரு முதியவர் காத்திருக்கிறார். 50 பைசாவுக்கு ஓர் அஞ்சல் அட்டை வாங்கி வா என்று அனுப்பியிருந்தால் அவரும் வாடிக்கையாளர், இவளும் வாடிக்கையாளர்.

கடைசி நிறுத்தம் அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகம். அங்கே தபால்தலைச் சேகரிப்பாளர்களுக்கான பிரிவு இருக்கிறது. அந்த வாசலில் வைத்து வழங்கப்பட்ட புதையல் என்ன தெரியுமா? ஓர் இணைய அங்காடியின் பரிசுக் கூப்பன். கடிதத்தின் இடத்தைப் பிடித்த உலகத்தின் நுழைவுச்சீட்டைத் தபால் ஆபீஸ் வாசலில் கொடுத்திருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்திருந்தால் நல்ல கிண்டல் என்று பாராட்டியிருப்பேன். யோசிக்காமல் செய்தது.

என் தீர்ப்பு இது. கரு தேறுகிறது, நான் பார்த்த நகர வேட்டைகளுக்குள் முதலிடம்கூட தரலாம். ஆட்டம் தேறவில்லை. அதைத் தேற்றச் செலவு எதுவும் ஆகாது. ஆண்டு கேட்கும் கேள்விகளை முழுக்க எடுத்துவிட வேண்டும். நிறுத்தங்களைப் பாதியாகக் குறைத்து ஒவ்வொன்றிலும் நின்று செய்ய ஒரு வேலை தர வேண்டும்: கோபுரத்தில் குறைவதைப் பார், எண்ணைக் கண்டுபிடி, உறையைப் பிரி, திறக்காமல் சொல். கடிகாரத்தைத் தூக்கியெறிய வேண்டும். எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இருந்தால் அண்ணா சாலையையும் விட்டுவிடலாம், ஜார்ஜ் டவுனே தாராளம்.

புதையலைத் தபாலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் விடைக்குப் பதில் ஓர் எழுத்து. ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனி அட்டையில் எழுதி, தங்கள் வீட்டு முகவரிக்கே அங்கங்கே உள்ள பெட்டிகளில் போட்டுவிட்டு வீடு திரும்ப வேண்டும். அட்டைகள் அடுத்த சில நாட்களில் முன்னும் பின்னுமாக வரும். எல்லாம் வந்து சேர்ந்தால்தான் சொல் தெரியும், பரிசு எந்த அலமாரியில் என்று தெரியும். தேதி முத்திரையைப் பார்த்து எது எந்தப் பெட்டியில் போட்டது என்று வாதாடலாம். அதுவரை பிள்ளைகள் பொறுப்பார்களா என்று கேட்கிறார்கள். தொடர்கதைக்கும் கிரிக்கெட் இறுதிப் போட்டிக்கும் பொறுக்கிறவர்கள் இதற்கும் பொறுப்பார்கள். பத்திரமாக வரப் பதிவுத் தபாலில் போடலாமே என்றார் ஒருவர். 2025இல் அதை ஸ்பீட் போஸ்டோடு இணைத்துவிட்டார்கள், அவசரம் மறுபடி பின்வாசல் வழியாக வந்துவிடும். சாதாரண அட்டையே போதும்.

ஓர் அட்டை வராமலே போய்விட்டால் என்பதுதான் எஞ்சியிருக்கும் நியாயமான ஆட்சேபம். போகலாம். மீதி எழுத்துகளை வைத்துச் சொல்லை ஊகித்துவிடுவார்கள். அதற்குள் அந்த அட்டையில் முகவரி எழுதியது யார் என்று வீட்டில் விசாரணை தொடங்கிவிடும். பெரும்பாலும் பின்கோடில் ஓர் எண் பிசகியிருக்கும், எழுதியது அப்பாவாக இருக்கும்.